கேட்டு மட்டும் பார்த்தது

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்னஞ்சல் கணக்குத்தான் இருக்கிறது. சிரிக்க வேண்டாம், கல்முனையில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டுப் போனில் பாடம் நடத்திய காலத்தில், பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் வேண்டுமென்று சொன்னார்கள். பிரதான வீதியில் உள்ள போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் பெயரில் ஒன்றைத் திறந்து, என் போன், மனைவியின் போன், பிள்ளைகளின் டெப்லெட் எல்லாவற்றிலும் அதையே போட்டுத் தந்தார்.

"ஒரு குடும்பத்துக்கு ஒண்டு காணும் காக்கா. கனக்க வெச்சா பாஸ்வேர்ட மறந்துட்டுத் திரும்பவும் என்னட்டத்தான் வருவீங்க. சும்மா தாறதுதானே" என்றார். அண்ணனைக் காக்கா என்பது எங்கள் ஊர் வழக்கம்.

சும்மா என்றால் எனக்கும் சந்தோசம்தான். நான் ஆணியும் பெயின்டும் குழாயும் விற்கிறவன். மின்னஞ்சலால் எனக்கு என்ன வேலை? உருப்படியான ஒரு காரியத்துக்கு அதை நான் தொட்டது என் தங்கச்சிக்காக மட்டும்தான்.

தங்கச்சி இருப்பது சாய்ந்தமருதில், எங்கள் உம்மா வாப்பாவின் வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நான் அப்படித்தான் கல்முனைக்கு வந்தேன்; தங்கச்சியின் புருஷன் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தார் என்று சொல்வதுகூடப் பிழை. அவர் கட்டாரில் வேலை. லீவுக்கு வருவார், போவார்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். தேத்தண்ணீரைத் தந்துவிட்டு, போய்த் தண்ணீர் மோட்டரைப் போட்டாள். தாங்கி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. என்ன பைத்தியம் என்று ஏச வாயெடுத்தேன். பிறகுதான் விளங்கியது. அங்கே வீடுகள் மதிலோடு மதில் ஒட்டினவை; பக்கத்து வீட்டில் ஆணத்துக்கு, அதுதான் குழம்புக்கு, உப்புக் காணாவிட்டால் அதுவும் இங்கே கேட்கும். மோட்டர் சத்தத்துக்குள் அவள் கதைத்தாள்.

"அவர் அடிக்கிறதுமில்ல, ஏசுறதுமில்ல காக்கா. வந்தா சாப்பிடுறார், படுக்கிறார், போறார். நான் எண்டு ஒருத்தி இந்த வீட்டுல இரிக்கிறதே அவருக்கு நெனவில்ல. அடிக்காத புருஷன விட்டுப் பிரிய ஏலுமா எண்டு சட்டம் தெரிஞ்ச ஆருட்டயும் கேட்டுப் பாருங்களேன். விடப் போறன் எண்டு சொல்லல்ல. கேட்டு மட்டும் பாருங்க."

இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே எனக்குத் தேத்தண்ணீர் தந்திருக்கிறாள்.

"இது உங்களிட்ட அமானிதம். மதினிக்கும் சொல்லப்படா" என்றாள். அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்தது. நாளை மறுமையில் கேள்வி இருக்கிற விசயம். மனைவிக்கும் சொல்லக் கூடாதென்றால் சொல்லக் கூடாதுதான்.

ஊரில் யாரிடம் வாயைத் திறந்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் வாசலுக்கே கதை வந்துவிடும். ஆகவே எழுதினால்தான் பத்திரம் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல! கொழும்பில் பெண்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் ஓர் இடத்தைப் போனில் தேடிப் பிடித்து, கடைக்குப் பின்னால் பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் குந்தியிருந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வந்தது. விவாகரத்துக் கேட்க முடியும், ஆனால் லேசில்லை, முதலில் இருவரையும் இருத்திக் கதைத்துப் பார்ப்பது நல்லது என்று எழுதியிருந்தார்கள். தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பெருநாளைக்கு வாறார்தானே. நானே முகத்தப் பாத்துக் கேக்கன். அதுக்குப் பொறகு யோசிப்பம்."

நான் வீட்டுக்கு வந்து அனுப்பியதையும் வந்ததையும் அழித்தேன். குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தேன். நல்ல கெட்டிக்காரன் என்று எனக்கே என்னில் ஒரு பெருமை.

அதற்குப் பிறகுதான் விளம்பரங்கள் வரத் தொடங்கின. மனைவி வட்டிலப்பம் செய்கிற வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை அடிக்கிற நேரம் பார்த்து, முக்காடு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். 'மறுமணம் தேடும் முஸ்லிம் ஆண்களே, உங்கள் புதிய வாழ்வு காத்திருக்கிறது' என்று கீழே எழுத்து ஓடியது. மனைவி அதைத் தள்ளிவிட்டாள். அடுத்த நாளும் அவள் வந்தாள். டெப்பிலும் வந்தாள். மின்னஞ்சலைத் திறந்தால், மற்றக் கடிதங்களுக்கு மேலே, தானும் ஒரு கடிதம் போல உடுத்திக்கொண்டு நின்றாள்.

"ஆருக்கு மச்சான் இது?" என்று மனைவி கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாருக்கும் வாறதுதான்."

"ராத்தாட போனுக்கு வரல்ல. வாங்கிப் பாத்துட்டன்."

ராத்தா என்பது அவளுடைய மூத்த சகோதரி. அடுத்த வீடு. அவவின் போனையே வாங்கிப் பார்த்திருக்கிறாள் என்றால், கதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா நான் ஒண்டும் செய்யல்ல."

"செய்யாட்டி ஏன் உங்கட பேருல இரிக்கிறதுக்கு மட்டும் வருது? எத அழிச்சீங்க? புள்ள சொல்றான், வாப்பா இரிந்து இரிந்து என்னமோ அழிச்ச எண்டு."

அழித்தது உண்மை. அந்தக் கடிதம் இருந்திருந்தால் அதைக் காட்டினாலே போதும், நான் சுத்தமானவன் என்று விளங்கியிருக்கும். காட்டினால் தங்கச்சியின் அமானிதம் போயிற்று. ஓர் ஆணின் பெயரில் விவாகரத்தைப் பற்றி எழுதினால், அவன்தான் மறுமணம் தேடுகிறான் என்று மின்னஞ்சல்காரன் முடிவு செய்துவிட்டான் போல. கடிதம் அழிந்தது, அதன் நிழல் மட்டும் வீடு முழுக்கத் திரிகிறது. நிழலைப் பார்த்து அவள் என்னை எடைபோடுகிறாள். அவள் கோபம் நியாயம்தான், அதுதான் கொடுமை. அன்றைக்கே என் தலையணை முன் மண்டபத்துக்கு வந்துவிட்டது. வீடு அவளுடையது, நான் எங்கே போய் முறையிடுவது?

விளம்பரத்தின் மூலையில் ஒரு சின்னக் குறி இருந்தது. அழுத்தினேன். 'இந்த விளம்பரத்தை ஏன் விரும்பவில்லை?' என்று கேட்டது. பொருத்தமற்றது, அடிக்கடி வருகிறது, ஏற்கனவே வாங்கிவிட்டேன். இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டுமாம். அடப்பாவி! ஏற்கனவே வாங்கிவிட்டேன் என்று போட்டு, அதையும் என் மனைவி பார்த்திருந்தால் என் மையித்தை, என் பிணத்தைத்தான் எடுத்திருப்பார்கள். பொருத்தமற்றது என்று அழுத்தினேன். சிரித்த பெண் போனாள். இரண்டாம் தாரம் பற்றிப் பயான், அதாவது மார்க்கப் பிரசங்கம், செய்கிற ஒருவர் வந்தார்.

போன் கடைக்குப் போய்க் கத்தினேன். "என்ட கடிதத்தப் பார்க்க இந்த மின்னஞ்சல்காரனுக்கு ஆரு அனுமதி குடுத்த?"

"நீங்கதான் காக்கா. தொடங்கக்குள்ள 'சம்மதம்' எண்டு அழுத்தினதானே."

"அழுத்தினது நீ!"

"உங்களுக்காகத்தானே அழுத்தினன்" என்று சிரித்தார். "கடிதத்தப் பாத்தானோ, நீங்க தேடினதப் பாத்தானோ, ஆருக்குத் தெரியும்? அவன் சும்மா தாறான், விளம்பரத்துல உழைக்கான். வேணாமெண்டா நிப்பாட்டலாம். ஆனா அவனுக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான்."

ஏதோ இரண்டு மூன்று இடத்தில் தட்டித் தந்தார். கொஞ்ச நாள் குறைந்தது, பிறகு வேறு முகத்தோடு வந்தது. ஒரு மனிதன் புறம் பேசினால் அவன் வாசலில் போய் நின்று ஏசலாம். இதற்கு வாசல் எங்கே இருக்கிறது? நான் வீதியில் நின்று கையைப் பிசைந்தேன். எனக்கு அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தன் காக்காமார் வந்து என்னோடு கதைப்பார்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள். அதற்குள், நான் இரண்டாவது கலியாணம் முடிக்கப் போகிறேன், அதற்குப் போனில் விளம்பரமும் வருகிறது என்ற கதை சாய்ந்தமருதுக்கும் போய்விட்டது. வியாழன் பகல் தங்கச்சி ஓட்டோவில் வந்து இறங்கினாள். நான் கடையில் இருந்து ஓடி வந்தபோது, மண்டபத்தில் மனைவியும் ராத்தாவும் இருக்க, அவள் நின்றுகொண்டே கதைத்துக்கொண்டிருந்தாள்.

"காக்காவ ஏசாதீங்க மதினி. அது எனக்காகக் கேட்டது. விடுறதப் பத்திக் கேக்கச் சொன்னது நான்."

மனைவி ஓடிப் போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது நிம்மதி. எனக்கும், மறைக்க மாட்டேன், நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய அந்தப் பாரம் எங்கே போய் ஏறியது என்று தங்கச்சியைப் பார்த்தபோது தெரிந்தது. ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பி, "நான் ஆருட்டயும் சொல்ல மாட்டன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனா.

கதை கட்டாருக்குப் போக ஒரு கிழமையும் எடுக்கவில்லை. அவர் தங்கச்சிக்குப் போன் எடுத்தாராம். கலியாணம் முடித்த நாளில் இருந்து அவளோடு அவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தானாம். "கேள்வி கேக்கிற அளவுக்கு வந்துட்டாய் எண்டா, பதில நானே தாறன்" என்றிருக்கிறார். பெருநாளைக்கு அவர் வரவில்லை. அவர் கேட்ட தலாக்குக்கு, விவாகரத்துக்கு, காதி நீதிபதியிடம் இருந்து அழைப்புத்தான் வந்தது.

பெருநாள் கழிந்து நான் அவளிடம் போனேன். தேத்தண்ணீர் தந்தாள். இந்தத் தடவை மோட்டரைப் போடவில்லை. மறைக்க என்ன இருக்கிறது?

"அவர்ட முகத்தப் பாத்துக் கேக்க இரிந்தன் காக்கா. ஒருவேள அவரும் ஏதும் சொல்லியிருப்பார். எனக்கு விட வேணுமா, வேணாமா எண்டு இன்னும் தெரியா."

மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கென்று கேட்பது? நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

"அந்த விளம்பரம் இன்னும் வருதா?" என்று கேட்டாள்.

போனைத் திறந்து கொடுத்தேன். தேட வேண்டி இருக்கவில்லை; மேலேயே இருந்தது. முக்காடு போட்ட அந்தப் பெண், அதே சிரிப்பு, 'மறுமணத்துக்குத் தயார்' என்று கீழே எழுத்து. தங்கச்சி போனைக் கிட்டப் பிடித்து, அவள் முகத்தைக் கனநேரம் பார்த்தாள்.

"இந்தப் புள்ளயும் கேட்டு மட்டும்தான் பாத்திச்சோ, என்னவோ" என்றாள்.