ஜெபத்தில் வராத அத்தை

எங்கள் உபதேசியாருக்குப் பிள்ளைகள் சும்மா இருந்தால் பிடிக்காது. உலகச் சண்டைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்கள் முன்னால் எங்களை எழுப்பி நிறுத்தி ஒரு வேலை வைத்தார். ஆண்டவர் நம்மேல் வைத்திருக்கிற அன்பை நாமே பொத்தி வைத்துக்கொள்ளக் கூடாதாம். இதுவரை அதைக் கேட்காத ஓர் ஆளிடம் போய்ச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு எழுந்து நின்று யாரிடம் சொன்னோம் என்று சபைக்குச் சொல்ல வேண்டுமாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எதிலும் முந்தாவிட்டால் சோறு இறங்காது. ஆனால் விராலிமலைக்கு இரண்டு மைல் தள்ளியிருந்த எங்கள் தெருவில், கேட்காத ஆளுக்கு எங்கே போவது? அத்தனையும் வேதக்கார வீடு, எல்லோரும் கிறிஸ்தவர்கள். ஆடு மேய்க்க வருகிறவரைப் பெரியப்பா மகன் திங்கட்கிழமை விடியும்போதே பிடித்துவிட்டான். வளையல்காரரை மூன்று பேர் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். அந்த மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், அறுப்பு முடிகிற வரைக்கும் எங்கள் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. செவ்வாய் போயிற்று. எனக்கு ஆள் கிடைக்கவில்லை. உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை.

வழி புதன்கிழமை சாயங்கால ஜெபத்தில் பிறந்தது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, அதனால் பொழுது சாய்ந்ததும் பாய் விரித்து முழங்காலில் நின்றுவிடுவோம். அப்பா எல்லோருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிப்பார். தாத்தா காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. கூடப் பிறந்தவர்களைப் பிறந்த வரிசையில் சொல்ல வேண்டும். பெரியப்பா, பெரிய அத்தை, பிறகு தன் முறைக்கு ‘அடியேனும் என் வீட்டாரும்’, பிறகு கொழும்பில் இருந்த சித்தப்பா, அப்புறம் சீமையிலிருந்து வந்த துரைமார், சண்டைக்குப் போனவர்கள், முகம் தெரியாத தேசத்து ஜனங்கள் எல்லோரும் வருவார்கள். எங்கள் பசு சினையாக இருந்தபோது அதுகூட வந்தது. எனக்கு முழுசும் மனப்பாடம்.

அதில் வராத சொந்தம் ஒன்றே ஒன்று என்று எனக்குத் தட்டுப்பட்டது. சின்ன அத்தை. நான் தொட்டிலில் கிடந்தபோது, மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். முருகன் கோயிலுக்கு மாலை கட்டுகிறாள் என்பது பெரியப்பா மகன் கிசுகிசுத்துத்தான் எனக்குத் தெரியும். வீட்டில் அவள் பேச்சே கிடையாது. என் கணக்கு சுலபமாக முடிந்தது. ஆண்டவர் அன்பைக் கேட்டிருந்தால் ஜெபத்தில் வந்திருப்பாள். வரவில்லை, ஆகையால் கேட்கவில்லை.

விராலிமலைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஓரிடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்து, அங்கிட்டுப் பார்க்காமல் வா என்பாள். அவள் சொல்லிச் சொல்லியே கடை எங்கே என்று எனக்குப் பாடமாகியிருந்தது. அந்த வாரம் அம்மா மிளகாய்க்காரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நழுவினேன்.

அத்தை அரளிக்கும் மல்லிகைக்கும் நடுவில் உட்கார்ந்து வாழைநாரில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் குடும்பத்து மூக்கு என் முகத்தில் இருந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“அத்தை, ஆண்டவர் ஒங்க மேல அன்பா இருக்காரு” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். “அண்ணன் சொல்லி அனுப்புனாங்களா?”

அம்மா என்னைத் தேடிக் கூப்பிடுவது கேட்டது. உபதேசியார், ஞாயிற்றுக்கிழமை, வளையல்காரர் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

“பொழுது சாய ஜெபத்துல எம் பேரையும் சொல்றாங்களா, ஆத்தா?”

அதற்கும் தலையாட்டினேன். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. நல்ல செய்தி கேட்டவர்கள் ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் என் பிரசங்கம்தான் எல்லோருடையதையும்விட நன்றாக வேலை செய்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. ஒரு முழம் மல்லிகையை என் தலையில் வைத்து அனுப்பினாள். எங்கள் வீட்டில் பூ வைக்கும் வழக்கம் கிடையாது. அம்மா அதைப் பார்த்தாள். ஊர் எல்லை வந்ததும் பூவை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்ததும், எங்க அத்தையிடம் சொன்னேன் என்றேன். முன்வரிசையில் பெரிய அத்தை உட்கார்ந்திருக்க, எந்த அத்தை என்று உபதேசியார் கேட்டார்.

“பூக் கட்டுற சின்னத்தை.”

விசிறிகள் நின்றன. அப்பா மடியிலிருந்த வேதப்புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வளையல்காரரிடம் சொன்னவர்களுக்கே சபாஷ் சொன்ன உபதேசியார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த பிள்ளையை எழுப்பினார். எனக்கு அழுகை முட்டியது.

அன்று பகல் முழுவதும் அடிக்குக் காத்திருந்தேன். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார். அடித்துத் தொலைத்திருந்தால் தேவலை.

சாயங்காலம் பாய் விரித்தோம். பெரியப்பா வந்தார், பெரிய அத்தை வந்தாள், அடியேனும் என் வீட்டாரும் வந்தோம். அத்தோடு அப்பா நின்றுவிட்டார். இருமினார். மறுபடி ஆரம்பிக்க வாயெடுத்தார், வரவில்லை. அம்மா தலை நிமிர்ந்து அவரையே பார்த்தாள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவுக்கு மறந்துவிட்டது, எடுத்துக் கொடுத்தால் என்மேல் கோபம் தணியும் என்று தோன்றியது.

“கொழும்புச் சித்தப்பா” என்றேன்.

அப்பா, “ஆமா, கொழும்புத் தம்பி” என்று சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு, துரைமார், தூரதேசத்து ஜனங்கள் என்று வேகவேகமாகப் போய் ஆமென் சொல்லிவிட்டார். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் என்ன குற்றம் செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. மறந்ததை எடுத்துத்தானே கொடுத்தேன்?

அத்தையிடம் நான் ஆட்டிவிட்டு வந்த இரண்டு தலையாட்டல்களில் ஒன்று, ஜெபத்தில் அவள் பேர் சொல்வது, அந்த நிமிடம் மெய்யாகிவிடப் பார்த்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் பிறந்தவள் சின்ன அத்தை என்பது அன்று எனக்குத் தெரியாது.