கீழாநெல்லி பறிக்கக் கிளம்பி, பாதி வழியில் இறங்கியது

தொண்ணூற்றாறு ஐப்பசியில் கொடுமுடிக்குக் கிளம்பினேன். சாமி கும்பிட அல்ல, கீழாநெல்லி பறிக்க. அப்போது கோவையில் மருந்தியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். காசநோய் மாத்திரை சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்துவிடும். கூடவே கீழாநெல்லிச் சாறு கொடுத்தால் கெடாமல் காக்குமா என்று எலிகளிடம் சோதிப்பதுதான் என் ஆய்வு. முதல் தடவை கொடுமுடி வாய்க்கால் கரையில் பறித்து வந்த செடியிலெல்லாம் மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. அதே இடத்துச் செடிதான் வேண்டும் என்றார் பேராசிரியர்.

காந்திபுரத்தில் காலை ஆறு மணிக்கு பஸ். ஈரோடு நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். (பெருந்துறையில் நிறுத்தினால் டீ வேண்டாம், போண்டாவை நம்பலாம்.) அங்கிருந்து கொடுமுடிக்கு வேறு பஸ், இன்னும் நாற்பது கிலோமீட்டர்.

அந்த பஸ்ஸில் என் பக்கத்தில் சரோஜா என்ற அம்மா. ஜன்னலோரம் அவர் கணவர் பழனிச்சாமி, துண்டைப் போர்த்திச் சுருண்டிருந்தார். சோமனூரில் தறி ஓட்டுகிறவர்.

"ஏனுங்க அம்மணி, கொடுமுடியில மஞ்சக்காமாலைக்குப் பச்சிலை குடுக்கறாங்களாமா. எந்தப் பக்கமுங்க?" என்றார் சரோஜா.

பழனிச்சாமி திரும்பினார். கண் இரண்டும் மஞ்சள்.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறாருங்களா?"

சரோஜா பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் எலிகளுக்குக் கொடுக்கும் அதே காசநோய் மாத்திரைகள்.

"காமாலைக்குக் காரணம் இதுவா இருக்கலாமுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"ஒரு வேளைகூட உடாம முழுங்கறனுங்க," என்றார் பழனிச்சாமி. "உட்டா இருமல் திரும்பீருமுன்னு சொல்லியிருக்காங்க."

நான் யார், எதற்குப் போகிறேன் என்று சொன்னதும் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அந்தச் சாற நீங்களே குடுத்துப்போடுங்க கண்ணு!"

"எலிக்கு மாத்திரையோட சேத்துத்தானுங்க குடுத்துப் பாக்கறோம். கெட்டுப்போன கல்லீரலச் சரிபண்ணுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாம உங்க ஊட்டுக்காரருக்குக் குடுக்க மாட்டனுங்க."

"செரி, ஆஸ்பத்திரிக்கே போலாமுங்க," என்றார் பழனிச்சாமி. ஈரோடு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. பாசூரில் மூவரும் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றோம். ஈரோடு பஸ் வருவதற்குள் பழனிச்சாமி இரண்டு முறை வாந்தியெடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரைகளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், உடனே படுக்கையில் சேர்த்துவிட்டார். "இந்த மாத்திரைய இப்போதைக்கு நிறுத்துறோம். கல்லீரல் தேறினதும் ஒவ்வொண்ணா நாங்களே திரும்ப ஆரம்பிப்போம். இன்னும் நாலு நாள் இதையே முழுங்கியிருந்தா சிரமம்மா," என்றார். சரோஜா அப்போதுதான் அழுதார்.

அன்றிரவு ஈரோட்டில் அக்கா வீட்டில் தங்கி, மறுநாள் கொடுமுடி போய் வாய்க்கால் கரையில் இரண்டு பை நிறையப் பறித்தேன். திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனால், பழனிச்சாமி உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். "உள்ள நிக்குதுங்க!" என்றார். கோவை வரும்வரை பஸ்ஸில் அயர்ந்து தூங்கினேன்.

சாறு கொடுத்த எலிகளின் கல்லீரல் மற்றவற்றைவிட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எலி எலிதான். இதைப் படித்துவிட்டுச் செடி பறிக்கப் போகிறவர்கள் மழை விட்டதும் போங்கள். துணிப்பையில் போட்டு, நிழலில் காய வையுங்கள். காசநோய் மாத்திரை சாப்பிடும்போது கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ செடியைத் தேடிப் போகாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நிறுத்துவதும் தொடங்குவதும் அவர் பொறுப்பு.

அடுத்த வருடம் சோமனூர் வழியாகப் போனபோது இறங்கி விசாரித்துப் போனேன். தறிச் சத்தத்தில் பழனிச்சாமி ஏதோ கத்தினார், ஒன்றும் கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"மாத்திர எல்லாம் முடிச்சாச்சுங்க. இருமலும் இல்ல. வாங்க, ஊட்ல சோறு உண்டுபோட்டுத்தான் போகோணும்."