ஒத்தி வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னால் வீட்டில் உட்கார முடியாது. காபி டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் என் கணவர் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தியிருப்பார். வீடு பார்க்கக் கிளம்பிவிடுவோம். மற்ற குடும்பங்கள் கோயிலுக்கும் ஹோட்டலுக்கும் போகிற நேரத்தில் நாங்கள் யார் வீட்டுக் குழாயையோ திறந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

குடியிருந்தது மதுரை கே.கே. நகரில் ஒரு சின்னத் தனி வீட்டில், ஒத்திக்கு. இந்த ஊர் வழக்கம் தெரியாதவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுசாகத் திரும்பி வரும். என் நகைகளில் பாதியை விற்று, அவருடைய சேமிப்பையும் துடைத்தெடுத்து அந்தத் தொகையைக் கட்டினோம். மதுரையில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் யாருமில்லை என்று அன்றைக்கு எனக்கு நினைப்பு. மாசம் பிறந்தால் வாடகைக்கு இருப்பவர்கள் முழி பிதுங்குவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். எங்கள் பணம் பத்திரமாக அப்படியே இருந்தது. வெளியே விலை அப்படியே இருக்கவில்லை.

வீட்டுக்காரர் கீழவாசல் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த சௌராஷ்டிரப் பெரியவர். நாங்கள் குடிவந்த கொஞ்ச நாளிலேயே ஒருமுறை வந்து கேட்டார். "மகன் பெங்களூர்லயே தங்கிட்டான்மா. நீங்களே வாங்கிக்கங்களேன். ஒத்திப் பணத்தை அட்வான்ஸா வச்சுக்குவோம். மிச்சத்துக்கு லோன் போடுங்க."

அவர் போனதும் என் கணவர் சொன்னார்: "இப்ப இருக்கறதெல்லாம் ஊதிவிட்ட விலை. எறங்கும் பாரு. எறங்கட்டும்."

நானும் தலையாட்டினேன். மாசாமாசம் லோன் கட்டுவதென்றால் எனக்கும் பயம். விலை இறங்கட்டும் என்று இருவருமாகக் காத்திருந்தோம். அது இறங்குகிற வழியாக இல்லை.

முதலில் காளவாசல் பக்கம் ஒரு பழைய பிளாட் பார்த்தோம். குளியலறை இருட்டு என்று நான் மூக்கைச் சுளித்தேன். அடுத்த வருஷம் அந்த இருட்டுக் குளியலறைக்கே எங்களால் எட்ட முடியவில்லை. பிறகு ரிங் ரோட்டைத் தாண்டினோம். பிறகு திருமங்கலம். வருஷம் போகப் போக நாங்கள் கேட்கிற விலைக்குக் கிடைக்கிற வீடு ஊரைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, நாங்களும் பெட்ரோல் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனோம்.

கடைசியில் டி. கல்லுப்பட்டி போகிற வழியில் கரிசல் காட்டுக்கு நடுவே வந்து நின்றோம். வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, ஆர்ச் வைத்திருந்தார்கள். குடை பிடித்த புரோக்கர், பஸ் வரப்போகிறது, காலேஜ் வரப்போகிறது, பெரிய ஆஸ்பத்திரி வரப்போகிறது என்று அடுக்கினார். எல்லாம் வரப்போகிறது. விலை மட்டும் முதல் ஆளாக வந்துவிட்டது.

"இங்கேர்ந்து டவுனுக்கு எம்புட்டு நேரம்ணே?" என்றார் என் கணவர்.

"இருவது நிமிசம்ணே."

வண்டியில் வந்த என் இடுப்புக்குத் தெரியும் எவ்வளவு நேரமென்று. "ஏரோப்ளேன்லயா?" என்று கேட்டுவிட்டேன். புரோக்கர் குடையை என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே வீட்டுக்காரர் மறுபடி வந்தார். வீட்டை விற்கப் போகிறாராம். மரியாதைக்கு எங்களைத்தான் முதலில் கேட்டார். அவர் சொன்ன விலையில் முன்பு இரண்டு வீடு வாங்கியிருக்கலாம். பேங்கில் கேட்டதற்கு, என் கணவருடைய வயசுக்கும் சம்பளத்துக்கும் அவ்வளவு தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "பார்க்க வாரவங்களுக்குக் கொஞ்சம் வீட்டைக் காட்டுங்கம்மா. வித்ததும் உங்க பணம் கைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீட்டிலிருந்தோம். மற்றவர்கள் வந்தார்கள். என் குழாயைத் திறந்தார்கள், என் சுவரைத் தட்டினார்கள். ஒருத்தர் செல்போனில் திசை பார்த்து என் அடுப்பு தப்பான மூலையில் இருக்கிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலை ஜாஸ்தி என்று முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக இறங்கிப் போகும்போது அப்பாடா என்றிருக்கும். விற்காதவரைக்கும் அது என் வீடு.

ஒருநாள் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. ஆண்கள் இருவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். அந்தப் பெண் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நானும் முதல் நாள் அப்படித்தான் செய்தேன்.

"வீடு ரொம்பப் பிடிச்சிருக்குக்கா. ஆனா அவுக இப்ப வேணாம்ங்கிறாக. விலை எறங்குமாம். அதுவரைக்கும் எங்கயாச்சும் ஒத்திக்குப் போயிருவோம், வாடகையாச்சும் மிச்சம்ங்கிறாக."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். அவர்கள் போய்விடுவார்கள், இந்த ஜன்னல் இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கும். ஆனால் எனக்கு வந்த கோபம் அடங்கவில்லை. அவள் மேலா, மாடியில் இருந்தவர்கள் மேலா, என் மேலேயேவா, தெரியவில்லை.

"ஒத்திக்குப் போகாதம்மா. லோன் கட்ட முடியும்னா இதையே வாங்கிரு. இன்னைக்கே பேசி முடி."

"அப்ப நீங்க ஏன்க்கா வாங்கல?"

"இவுகளும் விலை எறங்கும்னாக. நானும் சரின்னுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. மாடியிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது: "அவசரப்படாதீங்க தம்பி. மார்க்கெட் எப்படியும் எறங்கும்." அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள்.

அந்த ஜோடியிடம் அட்வான்ஸ் வாங்கியாயிற்று என்று வீட்டுக்காரர் சீக்கிரமே ஃபோன் செய்தார். எங்கள் பணமும் சொன்னபடி முழுசாக வந்தது. அதை வைத்துக்கொண்டு அதே தெருவில் விசாரித்தோம். வாங்குவதற்கு இல்லை, ஒத்திக்குத்தான். அதற்குக்கூட அது போதவில்லை. நான் பார்த்துச் சிரித்தவர்களைப் போலவே வாடகைக்குப் போனோம், பின்தெருவில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கரிசல் காடு, ஆர்ச், அதே குடை. விலை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. "கொஞ்சம் பொறுத்துப் பார்த்துட்டு..." என்று என் கணவர் ஆரம்பித்தார். திரும்பி வந்த ஒத்திப் பணத்தில் கொஞ்சம் கைப்பையில் வைத்திருந்தேன்; அதை எடுத்து அட்வான்ஸாகப் புரோக்கர் கையில் வைத்தேன். பஸ் எப்போது வரும் என்று கேட்கவில்லை.

எங்கள் வெள்ளைக் கல் எது என்று தேடிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"அக்கா, பால் காய்ச்சி இன்னைக்குத்தான் குடிவந்தோம். மோட்டார் சுவிட்ச் எங்கக்கா இருக்கு?"

"அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி, மேல. கொஞ்சம் அழுத்திப் போடணும். போட்டுட்டு ஜன்னலைத் திறந்து வை, தொட்டி நெறஞ்சா சத்தம் கேக்கும்" என்றேன். பேசி முடித்து நிமிர்ந்தபோது கரிசல் மண் என் செருப்பில் அப்பியிருந்தது.