புதுசைப் பழசாக்கும் வேலை

எதையும் பார்த்தவுடன் நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. இது பிறவிக் குணமா, தொழில் கொடுத்த வியாதியா என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் தீர்ப்பாகவில்லை. விபத்தில் அடிபட்ட லாரிகளைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் சர்வேயர் நான். நாமக்கல்லில் லாரிக்குப் பஞ்சமில்லை, அதனால் எனக்கு வேலைக்கும் பஞ்சமில்லை. நேற்று ராத்திரி இடித்தது என்று சத்தியம் செய்வார்கள். ஒடுங்கிய தகரத்தின் மடிப்புக்குள் விரலை விட்டால் போன மழைக்காலத்துச் சேறு காய்ந்து கிடக்கும். பழைய அடி என்று எழுதிவிட்டு வந்துவிடுவேன். ஊரில் பாதி லாரிக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. மீதிப் பாதி இன்னும் என்னிடம் மாட்டவில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கு வீட்டில் என்ன பொழுதுபோக்கு என்றால், புத்தம் புதிய பிளாஸ்டிக் விமானத்தை வாங்கி அதைப் பழசாக்குவது.

நான் சொல்லும் சமயத்தில் மேசையில் இருந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்து நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. உடம்பு நீளவாக்கில் இரண்டு பாதிகளாக வரும். உள்ளே காக்பிட்டைச் செய்து முடித்த பிறகுதான் பாதிகளைச் சேர்த்து ஒட்ட முடியும். ஒட்டிவிட்டால், செய்ததில் முக்கால்வாசி யார் கண்ணுக்கும் படாது. முன்கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் இருக்கையின் தலைப்பகுதியும் மீட்டர் பலகையின் மேல் ஓரமும் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் காக்பிட்டில்தான் நான் மாதக்கணக்கில் குடியிருப்பேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் அலுமினிய நிறம் அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே ஒரு பூச்சு. அதற்கு மேல் பச்சை. பச்சை முழுக்க இறுகும் முன் ஈரத் தூரிகையால் தேய்த்தால் அடியில் இருக்கும் ஸ்ப்ரே கரைந்து, மேல் பெயிண்ட் துணுக்குத் துணுக்காக உரிந்து அலுமினியம் எட்டிப் பார்க்கும். வருஷக்கணக்கில் பூட்ஸ் கால் பட்டுத் தேய்ந்த தரை மாதிரியே இருக்கும். பிறகு மூலைகளில் தின்னரில் கரைத்த பழுப்பு ஆயில் பெயிண்ட். அது அழுக்காகத் தேங்கி நிற்கும். நெம்புகோல்களின் தலையில் பென்சில் கரியைத் தேய்த்தால் கை பட்டுப் பட்டு மினுங்கும் இரும்பாகிவிடும். இருக்கை வார்களைச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடை ஒன்றில் டீத்தூள் பெட்டிக்குள் கிடந்த மெல்லிய தகட்டுத் தாளிலிருந்து வெட்டினேன். கடைக்காரர் அதை எதற்குக் கேட்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டார். நான் சொன்ன பதிலை அவர் நம்பவில்லை.

கண்ட இடத்தில் கீறிவிட்டால் பழசாகிவிடாது. உள்ளே ஒரு ஆளை உட்கார வைத்து யோசிக்க வேண்டும். எந்தப் பக்கமாக ஏறுவான், எதைப் பிடித்துக்கொண்டு காலை உள்ளே வைப்பான், பயத்தில் எந்த விளிம்பை இறுக்கிப் பிடிப்பான் என்று. லாரியில் பொய்யைக் கண்டுபிடிப்பதும் இதே கணக்கில்தான். ஆள் இல்லாத இடத்தில் தேய்மானம் இருந்தால் அது ஜோடனை.

ஸ்ப்ரே என் மகளுடையது. சேலத்தில் வேலைக்குப் போகிறாள், தினமும் பஸ். அவள் அலமாரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததில் ஒரு பாட்டிலே தீர்ந்துபோனது. அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் என் மேசைக்குப் பக்கத்து அலமாரியில் அதே ஸ்ப்ரே ஒரு புது பாட்டில் நின்றது. என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க என் மனைவி வைத்த பொறி என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் தொடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு ஒரு வரன் வந்தது. மனைவியின் அண்ணன் கொண்டு வந்தது. ஜேடர்பாளையத்துப் பக்கம் தோப்பும் மூன்று லாரியும் உள்ள குடும்பம், ஒரே பையன். பையனும் பெண்ணும் இரண்டு தடவை போனில் பேசினார்கள். "இந்த எடமே இருக்கட்டும்ப்பா," என்றாள் மகள். இதற்கு முன் வந்த எந்த வரனுக்கும் அவள் வாயைத் திறந்ததில்லை. அவள் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. இரண்டு போன் பேச்சில் அப்படி என்ன தெரிந்துவிடும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பையனின் அப்பா என் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தமுங்க, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு," என்றார். அப்படி ஒரு வேலையும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். சொல்லாமல் வந்து வீடு எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பது எங்கள் பக்கத்து விசாரணை. வரும் வழியில் டீக்கடையிலும் முடி வெட்டும் கடையிலும் என்னைப் பற்றி விசாரித்திருப்பார். நானாக இருந்தாலும் விசாரித்திருப்பேன்.

உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினார். "பெயிண்ட் வாசம் வருதுங்களே, உள்ளார வேலை ஏதாச்சும் நடக்குதுங்களா?"

என் மனைவி தடுமாறினாள். "அது வந்துங்க... அவரு ரூமுங்க. யாரும் போமாட்டமுங்க."

அதைவிட மோசமான பதிலை யோசித்தாலும் சொல்ல முடியாது. நானே எழுந்துபோய்க் கதவைத் திறந்து காட்டினேன். மேசையில் இடுக்கி, ஊசி, பிளேடு, சின்னச் சின்ன மருந்து பாட்டில்கள், நடுவில் வயிறு பிளந்த விமானம். லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது எந்த வருசத்துதுங்க?"

"போன வருசம் வாங்கினதுங்க."

"செகண்ட்ஸுங்களா?"

"இல்லீங்க, புதுசு. நாந்தான் பழசாக்கியிருக்கறேன்."

லென்ஸைக் கீழே வைத்தார். "ஏனுங்க, பழசப் புதுசாட்டம் காட்டறவங்கள எத்தனையோ பேரப் பாத்துட்டேன். அது லாபத்துக்கு. புதுச எதுக்குங்க பழசாக்கோணும்?"

"எனக்குப் பிடிக்குமுங்க," என்றேன். அது அந்த நேரத்தில் எனக்கே பொய்யாகப் பட்டது.

"ரெண்டு பக்கத்தையும் ஒட்டிட்டா உள்ள இருக்கறது தெரியுமுங்களா?"

"அவ்வளவாத் தெரியாதுங்க."

"அப்ப மூடி மறைக்கறதுக்குத்தான் இத்தன வேலையுமா," என்றார். கேள்வி மாதிரி இல்லை.

சம்பந்தம் முடிவாகாமல் எங்கள் பக்கம் சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிப்பதில் தடையில்லை. ஆனால் அவர் போன பிறகு பார்த்தால் காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது. என் மகள் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

இரண்டு நாளில் மச்சான் போன் செய்தார். "மாப்ள, நான் சொல்றன்னு தப்பா நெனைக்காதீங்க. சர்வேயரே ஊட்ல உக்காந்து அடி போட்டுப் பழகறாராட்டம் இருக்குதுங்கறாரு. லாரிக்காரங்ககிட்டக் கூட்டு வெச்சுப் பழைய அடி, புது அடின்னு ஜோடிக்கறாரோன்னு கேக்கறாரு. கொஞ்ச நாளைக்கு அந்தச் சனியன எடுத்து உள்ள வெய்யுங்க."

கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. இத்தனை வருஷம் ஊர்ப்பகையைச் சம்பாதித்ததே பொய்யை எழுத மாட்டேன் என்றுதான். கோபம் இறங்கியதும் தொழில் புத்தி வேலை செய்தது. அடுத்தவன் ஜோடிக்கிறான் என்று ஒருவர் இவ்வளவு சீக்கிரம் யோசிக்கிறார் என்றால், அவர் வீட்டில் ஜோடித்த பொருள் ஏதோ இருக்கிறது. விமானத்தை நான் உள்ளே வைக்கவில்லை. "பையன் ஊட்டப் பாக்க நாமளும் போலாம்," என்று மனைவியிடம் சொன்னேன்.

"போறதெல்லாம் சரி. அங்க போயி வண்டிய மொறச்சுப் பாத்துட்டு நிக்காதீங்க, ஆமா," என்றாள்.

ஜேடர்பாளையம் தடுப்பணையைத் தாண்டி ஆற்றோரமாகத் தோப்பு, அதற்குள் வீடு. வாசலில் மூன்று லாரிகள் நின்றன. இரண்டு, வேலைக்குப் போய் வந்த புழுதியோடு. மூன்றாவதன் கேபினில் ஒரு மூலை மட்டும் பளபளவென்று புதுச் சிவப்பில். கார் கதவைத் திறக்கும்போதே எனக்கு அது தெரிந்துவிட்டது. மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

காபி வந்தது. நான் குடிக்கவில்லை. "ஏனுங்க, காக்பிட்டுக்கு நெசமான தேய்மானம் எப்படி இருக்குதுன்னு பாக்கோணும். கேபின்ல ஏறிப் பாக்கட்டுங்களா?" என்றேன். பையனின் அப்பா முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

ஏறி உட்கார்ந்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் தேய்ந்திருந்தன. ஸ்டீயரிங்கில் இரண்டு கை பிடிக்கும் இடமும் வழுவழுப்பு. கிளட்ச் பெடலின் ரப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. கதவு விளிம்பில் முழங்கை படும் இடத்தில் தகரம் வெளியே தெரிந்தது. ஆனால் இடது முன்மூலை மட்டும் இந்த வண்டியைச் சேர்ந்ததாக இல்லை. போல்ட் தலைகள் மினுங்கின. இணைப்பில் துளி தூசி இல்லை. இடது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நகத்தால் சுரண்டினேன். சிவப்புக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பட்டி வந்தது. இடித்து நசுங்கியதைப் பட்டி பூசி நிரவி மூடியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு. மாட்டினாயா என்று மனசு குதித்தது. அடுத்த நொடியே மகளின் முகம் நினைவுக்கு வந்து அந்தக் குதிப்பு அடங்கிப்போனது.

கீழே பையன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"பட்டி போட்டதுங்க அது," என்றான். "மேச்சேரி ரோட்லங்க. டிரைவர் லீவு, நாந்தான் ஓட்டிட்டு வந்தேன். கண்ணசந்துட்டேன். பாலத்துச் செவுத்துல ஏத்திட்டேன். யாருக்கும் அடியில்லீங்க."

"கிளெய்ம் போட்டீங்களா?"

"இல்லீங்க. ஆட்டு மந்தை குறுக்க வந்துச்சுன்னு எழுதச் சொன்னாரு அப்பா. அந்த எடத்துல ஆடே இல்லீங்களே. நான் முடியாதுன்னுட்டேன். இப்பப் பொண்ணூட்டுக்காரரு சர்வேயருன்னு தெரிஞ்சதும் போன வாரம் அவசர அவசரமாப் பெயிண்ட் அடிச்சாரு."

பெண் வீட்டார் வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். லாரிக்குப் பெயிண்ட் அடித்தது இவர்கள் ஒரு குடும்பம்தான்.

"இத எதுக்குத் தம்பி எங்கிட்டச் சொல்றீங்க?"

"நீங்கதான் சொரண்டிட்டீங்களேங்க," என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவங்ககிட்ட மொத தடவை பேசறப்பவே சொல்லிட்டேனுங்க," என்றான்.

அவங்க என்றால் என் மகள். நான் கேபினை விட்டு இறங்கப் படியைத் தேடினேன். காலுக்கு உடனே அகப்படவில்லை.

பையனின் அப்பா தோப்புக்குள்ளிருந்து வேகமாக வந்தார். "எப்படீங்க, வண்டி?" அவர் கண் என் கண்ணைப் பார்க்காமல் அந்த மூலைக்கே போய்ப் போய் வந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவம், என் கண்ணுக்குப் பயந்து அந்த மனிதர் ஒரு வாரமாகத் தூங்கியிருக்க மாட்டார்.

"நல்லா இருக்குதுங்க," என்றேன். "அந்த மூலையில பெயிண்ட் மட்டும் ரொம்பப் புதுசா இருக்குது. கொஞ்சம் தேய்மானம் காட்டியிருந்தாத் தெரிஞ்சிருக்காது."

அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அதுக்குத்தான் சம்பந்தியா நீங்களே வரப்போறீங்களே," என்றார் கடைசியில். முதலில் சிரித்தது என் மனைவி. "காபி ஆறிப் போயிருக்குமுங்க, வேற போடச் சொல்றேன்," என்று பையனின் அப்பா உள்ளே ஓடினார். இரண்டாவது டம்ளரை நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

நிச்சயத் தேதி பேசி முடித்த ஞாயிற்றுக்கிழமை, விமானத்தின் இரண்டு பாதிகளையும் ஒட்ட உட்கார்ந்தேன். பசை இறுகும் வரை யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும். மகளைக் கூப்பிட்டேன். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். காக்பிட் கண்ணெதிரே மூடிக்கொண்டது.

"அந்த வண்டி இடிச்சது உனக்கு முன்னாடியே தெரியுமாமே சாமி. எங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களாப்பா? அதுக்குப் பின்னால என்ன மறைக்கறாங்கன்னு தேடியிருப்பீங்க. நீங்களே சொரண்டிக் கண்டுபிடிச்சாத்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் தள்ள முடியாது. பேச்சை மாற்றுவதற்காக அலமாரியில் எதையோ தேடுவதுபோலத் திரும்பினேன். அந்த ஸ்ப்ரே பாட்டில் நின்றது, அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு.

"அது தீரப்போகுதுல்ல," என்றாள் அவள், கையை எடுக்காமல். "போறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வாங்கி வெச்சுட்டுப் போறேன்."

"அப்ப இத வெச்சது நீயா?"

"வேற யாரு வெப்பா?"

ஊரிலுள்ள அத்தனை லாரியிலும் புது அடி எது, பழைய அடி எது என்று சொல்லத் தெரிந்தவன், இதை என் மனைவி வைத்த பொறி என்று எழுதி முடித்திருந்தேன். பசை எப்போதோ இறுகியிருக்கும். கையை எடுக்கலாம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.