குருவி பார்க்க வந்த குழாய்

நானுஓயா ஸ்டேஷன் வாசலில் காலையில் வேனுக்காக நிற்கும்போது, ரயிலை விட்டு இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களில் யாராவது ஒருவர் கையில் முழங்கை நீளத்துக்குக் கேமராக் குழாய் இருக்கும். உடனே சுற்றி நிற்கிறவர்களுக்கு என்னவோ ஆகிவிடும். மரக்கறி மூட்டையோடு நிற்கிற அம்மா முந்தானையைச் சரிசெய்வார். வேன்காரர் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சீவிக்கொள்வார். இன்னொருவர் காரணமே இல்லாமல் பயந்துபோய் வழிவிட்டு ஒதுங்குவார். போனில் நாள் முழுக்கப் படம் எடுத்தாலும் ஏனென்று கேட்காத கூட்டம், குழாய் கொஞ்சம் நீண்டதும் விசாரணைக்கு வந்த மாதிரி நின்றுவிடும். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. அப்படி ஒரு குழாய் எங்கள் லயத்துக்கு வந்தபோது எல்லாரையும்விட அதிகமாகக் குழம்பிப் போனவள் நான்தான்.

அப்போது எனக்கு ஏழு வயது. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயம் ஒரு மலையில். நேர் எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறொரு தோட்டம். அங்கேயும் ஒரு லயம். இங்கிருந்து பார்த்தால் அங்கே கொடியில் காய்கிற துணியின் நிறம் தெரியும், போடுகிற ஆளின் முகம் தெரியாது. கீழே இறங்கிப் பாலம் தாண்டி ஏறினால் ஒரு மணி நேர நடை. அந்த லயத்தில்தான் என் அக்கா இருந்தாள்.

அக்கா முந்தின வருடம் மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், அந்தத் தோட்டத்து ஆட்டோக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் வேறு சாதி. எங்கள் அப்பாவோ தலைவர், அதாவது தொழிற்சங்கத்தில் எங்கள் லயத்து ஆட்களுக்காகப் பேசுகிறவர். தொழிலாளிகள் எல்லாரும் ஒரே சாதி என்று கூட்டங்களில் அவர் முழங்கும்போது முதலில் கைதட்டுவது நான்தான். அந்தப் பேச்சு எங்கள் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது. அக்கா போன அன்று கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "இனிமே எனக்கு ஒரே புள்ளதான். மத்தவள பத்தி எங்கிட்டயோ எங்க வீட்டுலயோ யாரும் பேச வேணாம்."

அந்த ஒரே பிள்ளை நான். இப்படித் திடீரென்று கிடைத்த பதவி உயர்வில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அக்காதான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். அவள் போன பிறகு அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி இழுத்துப் பின்னுவாள். அக்காவை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகமில்லை. ஆனால் அதை யாரிடம் சொல்வது? பேசக்கூடாது என்று சொன்னவர் அப்பா. அப்பா சொன்னால் லயமே கேட்கும்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கம் வெயில் அடித்தால் அது ஒரு விசேஷ நாள், அழுக்குத் துணி பூராவும் பீலிக்குப் போய்விடும். மலைத்தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கிற இடம்தான் பீலி. லயத்துக்குக் கீழே, ஓடைப்பக்கம், மரங்களுக்கு நடுவில் இருந்தது. காலையில் அங்கே பெண்கள்தான் குளிப்பார்கள், ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மேல்ரோட்டு வளைவில் ஒரு வேன் வந்து நின்றது. இளவயதுச் சிங்களவர் ஒருவர் இறங்கினார். மூன்று கால் வைத்த தாங்கியை விரித்தார். பெட்டியிலிருந்து, கைக்குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தில், ஒரு பெரிய வெள்ளைக் குழாயை எடுத்து அதன்மேல் மாட்டினார். மாட்டி, அதை அப்படியே பீலிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் குனிந்து நின்றார்.

பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பயந்தார்கள். பக்கத்து வீட்டுச் சித்திக்கு அது நிலம் அளக்கிற கருவி. ரோடு போட அளக்க வந்தவர்களிடமும் இதே மாதிரி மூன்று கால் இருந்தது, அவர்கள் வந்துபோன பிறகு சில பேர் மரக்கறி போட்டிருந்த நிலத்துண்டுகள் காணாமல் போயின. சித்தியும் யாரிடமும் கேட்காமல் ஓடைக்கரையில் தோட்டத்து நிலத்தில் லீக்ஸ் போட்டிருந்தாள். குழாய் பார்த்ததும் அதே திசைதான். நிலம் போனாலும் லீக்ஸ் போகக்கூடாது என்று முடிவு செய்து, பென்சில் தடிமன்கூட வராத லீக்ஸைச் சரசரவென்று பிடுங்கத் தொடங்கினாள். "அளந்து முடிக்கிறதுக்குள்ள பிடுங்கணும், ஓடி வாடி" என்று என்னையும் கூப்பிட்டாள். எதற்கென்றே தெரியாமல் நானும் பிடுங்கினேன்.

கடைசி வீட்டு மாமாவின் பயம் வேறு. வடக்கே சண்டை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. நீளமாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் அடுத்து அடையாள அட்டையைத்தான் கேட்பார் என்பது அவருடைய அனுபவம். அட்டையைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வாசலில் விறைப்பாக நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு குமரிப் பிள்ளைகள், டிவியில் வரப்போகிறோம் என்று முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு நின்றார்கள்.

பெரிய கூத்து பீலியில்தான். "அந்தக் குழாய்க்கு உடுப்பெல்லாம் ஒண்ணுமில்ல, உள்ள இருக்கிறது அப்படியே தெரியுமாம்" என்று யாரோ ஒருத்தி அலற, ஈரத்துணியும் சோப்பு நுரையுமாகப் பெண்கள் மேலே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். துணி மறைக்காவிட்டால் கதவு மட்டும் எப்படி மறைக்கும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஓடிவந்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. அலசாத துணிகளை வாசலில் போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்: "தலைவர்னு பேரு மட்டும் இருந்தா போதுமா? போயி என்னன்னு கேளுங்க!"

அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டினார். ஏழெட்டு ஆண்கள் அவர் பின்னால் போனார்கள். கையில் லீக்ஸோடு நானும் போனேன்.

அப்பா சிங்களத்தில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். கோபம் ஏறியதும், ஐயா என்பதற்கான 'மாத்தயா'வை மட்டும் விட்டுவைத்து, தமிழுக்கு வந்துவிட்டார். "பொம்பளைங்க குளிக்கிற எடத்துல ஒங்களுக்கு என்ன மாத்தயா வேல?"

கேமராக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. அங்கே ஒரு பீலி இருப்பதே அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. "இல்ல, இல்ல. குருவி," என்றார். "நீல குருவி. மரம் உள்ளுக்கு."

"குருவி பாக்கவா இம்மாம் பெரிய குழாய்?" என்றார் பின்னால் ஒருவர். "எங்க வாசல்ல தெனம் வருது. நாங்க கண்ணாலதான் பாக்குறோம்."

அந்த நியாயத்தை எல்லாரும் தலையாட்டி ஒத்துக்கொண்டார்கள். கேமராக்காரர் குழாயின் பின்பக்கம் இருந்த சின்னத் திரையை அப்பாவிடம் காட்டினார். சண்டைக்குக் குனிந்த அப்பா சண்டையை மறந்துபோனார். ஓடைக்கரைக் கிளையில் ஒரு நீலக்குருவி. இறகின் மயிர்கூடத் தெரிந்தது. அலகில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது.

"இது நம்ம ஓடையிலயா இருக்கு?" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு என்ன? வரிசைதான். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குக்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. சாத்தின கதவுகள் திறந்தன. குழாய்க்கு உடுப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று அலறியவளே மூன்றாவதாக நின்றாள். சித்தி பார்த்தாள், குருவியைப் பார்த்தாள், பிறகு மடியில் இருந்த லீக்ஸைப் பார்த்தாள். "குருவின்னு ஒரு வார்த்த மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேமராக்காரரைத் திட்டினாள். பாவம், அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா மட்டும் வரவில்லை. அலசாத துணிகளை எடுத்துக்கொண்டு மறுபடி பீலிக்குப் போய்விட்டாள்.

என் முறை வந்தபோது கேமராக்காரர் என்னைத் தன் பெட்டிமேல் ஏற்றி நிறுத்தினார். திரையில் வெறும் கிளைதான் இருந்தது, குருவி பறந்துவிட்டது. "கொஞ்சம் இருங்க, வரும்" என்றார். பின்னால் நின்றவர்கள் என் முதுகில் இடித்து "எறங்குடி, போதும்" என்றார்கள். குருவி வராத கோபத்தில் குழாயைத் தொட்டேன். அவ்வளவு பெரிய சாமான் என் விரல் பட்டதும் லேசாகத் திரும்பியது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது: ஓடையில் இருக்கிற குருவியை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவருகிற குழாய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்க்காதா?

திருப்பினேன். தேயிலை ஓடியது, வானம் ஓடியது, ஒரு தகரக் கூரை வந்தது, ஒரு கொடி வந்தது. பிறகு அக்கா வந்தாள்.

ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மறு கையால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள் போல இருந்தது. முகம் அதே முகம், கையும் கழுத்தும் முன்பு போலவே ஒல்லி. ஆனால் வயிறு மட்டும் ஒரு மூட்டையைக் கட்டிவிட்ட மாதிரி முன்னால் நின்றது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சரியாகத் தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

முதுகில் இடித்த கைகள் நின்றுவிட்டன. குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்டதும் வரிசை மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அவர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். தலைவர் போட்ட சட்டத்துக்குப் பயந்து எங்கள் வீட்டில்தான் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

தோளில் அப்பாவின் கை விழுந்தது. சரி, அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கிக் கீழே விட்டார். குழாயைப் பழையபடி திருப்புவதற்குத்தான் குனிகிறார் என்று நினைத்தேன். அவர் திருப்பவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு வாளித் துணி காயப்போட்டு முடிகிற நேரம், திரையைப் பார்த்தபடியே நின்றார்.

"குருவி வந்ததா?" என்று கேட்டார் கேமராக்காரர்.

"ஆமா மாத்தயா," என்றார் அப்பா. அப்பா பொய் சொல்லி நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அவர் யாரையும் பார்க்காமல் லயத்துக்கு இறங்கிப் போய்விட்டார்.

நான் பீலிக்கு ஓடினேன். அம்மா தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அக்காவ பாத்தேன். அக்கா நல்லா குண்டாயிருச்சு," என்றேன்.

துணி அம்மாவின் கையிலேயே நின்றது. "எங்க குண்டாயிருக்கா?"

"வயித்துல."

"வயித்துல மட்டுமா? கை காலு?"

"அதெல்லாம் ஒல்லி. கைய இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் நிக்குது."

அம்மா ஈர விரல்களை மடக்கி என்னவோ எண்ணினாள். தப்பாக எண்ணிவிட்டாள் போல, திரும்பவும் எண்ணினாள். பிறகு என்னை நுரைக்கையோடு இழுத்து அணைத்துக்கொண்டு, "அப்பாகிட்ட மூச்சு விடாத," என்றாள். அப்பாவே பார்த்தார் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அப்பா பார்த்ததைச் சொன்னால் அது அக்காவைப் பற்றிப் பேசியதாகாதா? பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள். நடுவில் இருந்த எனக்குத் தலை சுற்றியது.

அடுத்த ஞாயிறு கண் விழித்தபோது வீடு முழுக்கச் சமையல் வாசனை. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. அம்மா புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைச்சோறு என்று ஐந்து பாத்திரங்களை மூடி வைத்திருந்தாள். அப்பா எழுந்து வந்து அவற்றைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன?"

"மாரியம்மனுக்கு ஒரு நேத்திக்கடன்," என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள்.

அப்பா உள்ளே போனார். வெள்ளைச் சட்டையோடு வந்தார். பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றைச் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிரிந்த இடத்தில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் தெரிந்தது. நடுவாரத்தில் அவர் ஹட்டனுக்குப் போய்வந்தது சங்க வேலைக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இதையும் சேத்துக் கட்டு," என்றார். "வெயில் ஏறுறதுக்குள்ள பாலத்த தாண்டிரலாம்."

மாரியம்மன் கோயில் எங்கள் லயத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அங்கே போக எந்தப் பாலமும் இல்லை. இதை எடுத்துச் சொல்லலாம் என்று பார்த்தால், அம்மா அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

மூன்று பேரும் இறங்கினோம். என் பங்குக்குச் சர்க்கரைச்சோறு. பாலத்துக்கு வந்ததும் எங்கே போகிறோம் என்று புரிந்துவிட்டது. புரிந்ததில் வந்த சந்தோஷத்தில் பயம் போய்விட, ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்த வாயைத் திறந்தேன்.

"அக்காதான் ஏற்கெனவே அவ்வளவு குண்டாயிருச்சே. அதுக்குப் போயி எதுக்கு இவ்வளவு சோறு?"

அப்பா நின்றார். அவர் சிரித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். பாத்திரத்தைப் பாலத்துச் சுவரில் இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார், பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை, அவமானமாக இருந்தது. இருவரிடமும் பேசாமல் முன்னால் நடந்தேன். பெரியவர்களுக்குத்தான் அறிவில்லை, நாமாவது முதலில் போய் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்: இவங்க குடுக்கிறத எல்லாத்தையும் சாப்பிட்டுடாத, இப்பவே ஒன்னால சரியா நிக்க முடியல.