'எஸ்' என்பது பாதி பதில்

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் நானும் ஒரே தொட்டியில் கிழங்கு கழுவினோம். நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலம் போகிற வழியில் இருக்கிற ஜவ்வரிசி ஆலை அது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரியில் மண்ணோடு வந்து இறங்கும். அதைத் தொட்டியில் தள்ளி, மண் போகக் கழுவி, அரவைக்கு அனுப்ப வேண்டும். தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். எட்டு மணி நேரம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டே நிற்கிற வேலை.

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைதான். அதுவும் மதியச் சோற்றுக்கு முன்னால் போய் சோற்றுக்குப் பின்னால் வந்துவிடுகிற படிப்பு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பஸ் போர்டு படிப்பேன், ஆனால் நான் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். வாய் மட்டும் எனக்கு எம்.ஏ. படித்த வாய். ஆலையில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறேனே, அதற்குத் தனியாக ஒரு சம்பளம் போடக் கூடாதா என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் சிரித்தாரே தவிர கொடுக்கவில்லை.

அசாமிலிருந்து ஐந்து பேர் வேலைக்கு வந்தார்கள். அதில் ஒருவரை என் தொட்டிக்கு எதிரே நிறுத்தினார்கள். முப்பது வயது இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஹிந்தி தெரியாது. முதல் வாரம் முழுக்க இரண்டு பேரும் ஊமைகள் மாதிரி கிழங்கைத் தள்ளிக்கொண்டிருந்தோம். எனக்குப் பேசாமல் இருந்தால் வயிறு உப்பிவிடும். ஒரு நாள் தாங்க முடியாமல் கிழங்கை அவர் முன்னால் நீட்டி, "இதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?" என்று கேட்டேன். இங்கிலீஷ் என்ற வார்த்தை மட்டும் அவருக்குப் புரிந்தது. முகம் மாறியது. ஊரில் ஒரு சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அவர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் என்பதும், அந்தச் சம்பளம் வீட்டுக்குப் போதாமல் இங்கே வந்தவர் என்பதும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

அன்று முதல் அவர் எனக்கு வாத்தியார். பிறகு ஆலை முழுக்க அவருக்கு அதுதான் பெயர்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வாக்கியம் கொடுப்பார். அதில் ஒரு வார்த்தையை மட்டும் கழற்றிவிட்டு வேறு வார்த்தையை மாட்ட வேண்டும். லாரி டயர் மாற்றுகிற மாதிரி. வண்டி அதேதான். 'ஐ வாண்ட் டீ' என்றார். நான் 'ஐ வாண்ட் லீவ்' என்றேன். தலையாட்டினார். 'ஐ டோன்ட் வாண்ட் ஒர்க்' என்றேன். அதற்கும் தலையாட்டினார். கிழங்குக்குத் தலை வெட்டிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி பக்கம் கையை நீட்டி, 'ஐ டோன்ட் வாண்ட் மாமியார்' என்றேன். அவளுக்கு மாமியார் என்பது மட்டும் காதில் விழுந்தது.

"இன்னா, எங்கம்மாவப் பத்தி அங்க இன்னா பேச்சு?"

"ஒண்ணுமில்லடி. பாடம்."

"பாடமா? கத்தி என் கையில இருக்குது, மாமா. அத்த மட்டும் மனசுல வச்சிக்கினு படி."

வாத்தியாருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கேள்வி கேட்டால் மொட்டையாக 'எஸ்' என்றோ 'நோ' என்றோ சொல்லக் கூடாது. முழுதாகச் சொல்ல வேண்டும். நான் 'எஸ்' என்று நிறுத்தினால், கிழங்கு தள்ளுவதை விட்டுவிட்டு ஈரக் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு நிற்பார். மீதிப் பாதி வருகிற வரைக்கும் அப்படியே நிற்பார். சின்னப் பிள்ளைகளிடம் பழகிய பழக்கம். ஒரு முறை கிழங்கு மண்ணோடு ஒரு தவளை வந்து தொட்டியில் மல்லாந்து கிடந்தது. 'ஈஸ் இட் அலைவ்?' என்றார். உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறார். 'எஸ்' என்றேன். கையைக் காதில் வைத்தார். 'எஸ், இட் ஈஸ்' என்று நான் முடித்ததும் தவளை குதித்துப் போனது. நான் சொன்னதால்தான் அது பிழைத்தது என்று ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மேஸ்திரியை வைத்தும் பாடம் நடந்தது. அவர் எதிரே வரும்போது வாத்தியார் மெதுவாக, 'ஈஸ் ஹீ எ குட் மேன்?' என்பார். நான் சத்தமாக, 'நோ, ஹீ ஈஸ் நாட்' என்பேன். மேஸ்திரி நின்று, "இன்னாயா, என்னைய வச்சிச் செய்யிறீங்களா?" என்பார். "உங்களப் பாத்தா தொர மாதிரி இருக்கீங்கன்னு சொல்றாருங்க" என்பேன். அவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு போவார்.

கூட வந்த நாலு பேரும் பண்டிகைக்கு ஊருக்குப் போனார்கள். வாத்தியார் மட்டும் போகவில்லை. அப்பாவுக்கு அனுப்ப வேண்டியது இருக்கிறது, அடுத்த முறை போகிறேன் என்றார். அந்தச் சமயம் பார்த்து அவருடைய போன் தொட்டியில் விழுந்து, ரிப்பேருக்கு கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தது.

ஒரு நாள் காலையில் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்து நான் கிண்டல் பண்ண வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

"இவங்களக் கூட்டியாந்து வுட்ட ஏஜென்ட் போன் பண்ணாருயா. வாத்தியாரு அப்பா தவறிட்டாராம். நேத்தே எடுத்துட்டாங்களாம்."

"எடுத்துட்டாங்களா?"

"அவுங்க ஊர்ல வைக்கமாட்டாங்களாம். இவன் போய்ச் சேர மூணு நாள் ஆவுது, எப்படி வைப்பாங்க? நீதான் சொல்லணும். உனக்குத்தான் அவன் பாஷை வருது."

என் பாஷை. எண்ணினால் இருபது வாக்கியம் இருக்கும். அதில் பாதி மேஸ்திரியைத் திட்டுவதற்காகக் கற்றுக்கொண்டது.

என் பெண்டாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இந்தா, இதப் பாரு. செத்துட்டாருன்னு சொல்லிப்புடாத. மூணு நாளு ரயிலு. பக்கத்துல ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்ல அந்தப் புள்ளைக்கு. சீரியஸ்னு மட்டும் சொல்லு. வூட்டுக்குப் போயி தெரிஞ்சிக்கட்டும். அங்கன்னா அம்மா இருக்கும், கட்டிப் புடிச்சி அழுவ."

எங்கள் பக்கம் அப்படித்தான். தூரத்தில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்ல மாட்டோம். சீரியஸ், உடனே கிளம்பி வா என்போம். அடுத்தவனுக்கு வரும்போது அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். தனக்கு வந்தால் மட்டும் அது வெறும் சீரியஸ்தான்.

எனக்கும் வந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு சீரியஸ் என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும், போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். வழியெல்லாம் கண்டக்டரிடம் வம்பு பேசி, பக்கத்து சீட்டுக்காரரைச் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பார்த்துப் பார்த்து சாத்துக்குடி வாங்கினேன். பையைத் தூக்கிக்கொண்டு தெரு முனையில் திரும்பினால் பந்தல். மேளம். எல்லாரும் என் கையைத்தான் பார்த்தார்கள். அந்தப் பையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே வைக்கவும் தோன்றவில்லை. அப்பா காலடியில் அதோடுதான் போய் நின்றேன். யாரோ வாங்கி ஒதுக்குப்புறமாக வைத்தார்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். நான் எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகியவர்கள்.

பெண்டாட்டி சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. மூன்று நாள், தெரியாத ஜனங்களுக்கு நடுவில், செத்த அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிப் போவான்? நம்பிக்கையோடு போகட்டும் என்று நானும் முடிவு பண்ணினேன்.

வாத்தியாரிடம் போய் நின்றேன். "யுவர் ஃபாதர் ஈஸ் நாட் வெல். யூ ஹேவ் டு கோ."

அவர் சிரித்தார். "ஜோக், அண்ணா?"

"நோ. இட் ஈஸ் நாட் எ ஜோக்."

முழுதாகச் சொன்னேன். அவர் கையைக் காதில் வைக்க வேண்டிய தேவை வரவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துணியை எடுத்துப் பையில் வைக்கப் போனார்.

மேஸ்திரி தன் பைக்கையும், முதலாளி கொடுத்த செலவுக் காசையும் கொடுத்தார். மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்துவிடு என்றார். என் பெண்டாட்டி தான் கொண்டு வந்த சோற்றையே கட்டிக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் பைக்கை நிறுத்திவிட்டு வருவதற்குள், வாத்தியார் பழவண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சாத்துக்குடியை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சேட்டு, ஒரு கிலோ போதுமா? நல்ல பழம், தண்ணியா இருக்கும்" என்றாள் பழக்காரம்மா.

என்னைப் பார்த்ததும், "மை ஃபாதர் வில் லைக் திஸ்" என்றார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். நான் பிடித்தேன் என்று சொல்ல முடியாது, என் கை பிடித்தது.

"டோன்ட் பை."

"வொய், அண்ணா?"

"பிகாஸ்" என்றேன். அதற்கு மேல் மாட்டுவதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. மெட்ராஸ் மெட்ராஸ் என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். அவர் பழத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"ஈஸ் ஹீ அலைவ், அண்ணா?"

"எஸ்" என்றேன்.

அவர் காத்திருந்தார். கையைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. சும்மா நின்றார். தவளைக்கு வந்த வாக்கியம்தான். இன்னும் இரண்டு வார்த்தை. வாய் திறந்திருந்தது, வரவில்லை. நாலு பேர் கூடினால் நாள் முழுக்கப் பொய் அளக்கிற வாய். இங்கிலீஷில் அது பொய் சொல்லிப் பழகவில்லை.

வாத்தியார் தட்டில் இருந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, குவியலில் இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இன்னாயா இது? கைய வச்சிட்டு வாணாங்குறாரு?"

"அக்கா, சாவு வூட்டுக்குப் போறாரு" என்றேன்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்ல நெழல்ல உக்கார வையி அந்தப் புள்ளய" என்று தன் ஸ்டூலைத் தள்ளிவிட்டாள். அவர் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். சத்தம் போட்டு அழவில்லை.

பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். நானும் ஏறிவிட்டேன். சட்டை முழுக்கக் கிழங்கு மண். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட் கிழித்தார். பெண்டாட்டிக்குப் போன் போட்டேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லல. அவரே கேட்டுட்டாரு."

அரவைச் சத்தத்துக்கு நடுவில், "சரி. ரயில் ஏறுற வரைக்கும் கூடவே இரு. மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

உளுந்தூர்பேட்டை வரை நானும் பேசவில்லை. வயிறு உப்பவில்லை. அதைத் தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"மை ஃபாதர் ஹேட் எ சைக்கிள்." கொஞ்சம் பொறுத்து, "மை ஃபாதர் ஹேட் எ கௌ." அப்புறம், "மை ஃபாதர் ஹேட் ஒன் குட் ஷர்ட்."

அப்பாவிடம் சைக்கிள் இருந்தது, மாடு இருந்தது, நல்ல சட்டை ஒன்று இருந்தது. எல்லாம் எனக்குப் புரிந்தது. ஏன் புரிகிறது என்று பிறகுதான் உறைத்தது. தொட்டியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களாகவே பார்த்து எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு இதைவிடப் பெரிய இங்கிலீஷ் தெரியும். சொந்த பாஷை இருக்கிறது. ஆனால் அழுவதற்குப் பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான். எங்கள் ஊரில் பெண்கள் இழவு வீட்டில் இப்படித்தான் ஒரே அடியை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையை மட்டும் மாற்றி மாற்றி ஒப்பாரி வைப்பார்கள். ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள்.

நானும் வாங்கிக்கொண்டேன்.

"டிட் ஹீ டிரிங்க் டீ?"

"எஸ், ஹீ டிட்."

"டிட் ஹீ பீட் யூ?"

"எஸ், ஹீ டிட்." லேசாகச் சிரிப்பு வந்து, அதுவே அழுகையாக மாறியது. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டியது. பெண்டாட்டி கட்டிக் கொடுத்த சோற்றைப் பிரித்து, 'யூ ஹேவ் டு ஈட்' என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டார்.

கை கழுவிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யுவர் ஃபாதர், அண்ணா?"

பழவண்டியில் பாதியில் விட்டது மட்டும் வாயில் நின்றது.

"பிகாஸ்" என்றேன். "ஐ பாட் ஃப்ரூட். ஹீ டிட் நாட் ஈட்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெட்ராஸ் வரும்வரை விடவில்லை.