அண்ணி எடுத்த பன்னிரண்டு படங்கள்

என் போட்டோ இனி யார் கைக்கும் போகக்கூடாது என்று வீட்டில் கத்தியே சொல்லியிருந்தேன். முகையூர்ப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் என் படத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணு நெறம் கம்மி" என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. திண்டிவனத்து வீட்டில் எனக்காக வாய் திறந்தவர் அண்ணி ஒருவர்தான். "அவ சம்மதம் இல்லாம ஒரு படம் வெளிய போவாது, நான் பொறுப்பு" என்றார். நம்பினேன்.

லென்ஸ் காமிரா ஒன்றை நான் வாங்கியது குருவிகளைப் படம் பிடிக்க. உள்ளங்கையில் அடங்குகிற லென்ஸ் மட்டும்தான். பார்க்கிற திரை நம் செல்போன். மாடிக் கைப்பிடிச் சுவரில் அதை வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து போனிலேயே படம் எடுக்கலாம்.

"இன்னா பாப்பா, டப்பாவ வச்சிக்கினு காமிரான்ற?" என்று அண்ணி கிண்டல் செய்தார். அவர் போனிலும் இணைத்து, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருநாள் விழுப்புரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் லென்ஸின் மெமரி கார்டைப் போட்டேன். குருவிகளுக்கு நடுவே நான்! மாடியில் மல்லாட்டைக் கடலை உரிக்கிறேன், தலை வாருகிறேன், சிரிக்கிறேன். பன்னிரண்டு படம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் கேட்டேன்.

"போன்ல அழிச்சிட்டனே!" என்றார்.

போனுக்கு வருவது சின்னப் பிரதிதான், அசல் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் என்பதை மட்டும் நான் சொல்லித்தரவில்லை.

"யாருக்கு அனுப்புனீங்க அண்ணி?"

"ஓமந்தூர்ல நல்ல எடம் பாப்பா. உங்க அண்ணன் தெனம் பேஜாரு பண்ணிக்கினே இருந்தாரு, நான் இன்னா பண்ணுவேன்? நீ சிரிக்கிற படம் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சி. ஞாயித்துக்கெழம வர்றாங்க."

அந்தப் படம் எடுத்த சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் குறட்டை விடுவதை அண்ணி அப்படியே செய்துகாட்டினார். கைப்பிடிச் சுவரில் லென்ஸ், அவர் மடியில் போன். நான் அதைக் கவனிக்கவே இல்லை, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். பாவி, என்னைச் சிரிக்கவைத்தே எடுத்திருக்கிறார்.

வரவேண்டாம் என்று எவ்வளவோ சண்டை போட்டேன். வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்லவர்தான். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"போட்டோல சிரிச்சியே, அந்த மாதிரி ஒருவாட்டி சிரிம்மா" என்றார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.